ஒலிப்பதிவாளரும் பாடமும்: கொங்குநாட்டு உடுக்கைப்பாட்டை அடிப்படையாகக் கொண்ட ஒரு திறனாய்வு

ஓர் இலக்கியத்தின் நலம் காணப் புகுவார் முதற்கண் அதன் பாடத்தைத் தெளிதல் வேண்டும் என்பது பதிப்புத்துறை வகுத்த நெறியாகும். சீவக சிந்தாமணியை 1887-இலும் புறநானூற்றை 1894-இலும் வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், தமக்குக் கிடைத்த ஏடுகளையும் அவற்றை உதவினோரையும் தம் முகவுரைகளில் எடுத்துரைத்தார். அது நன்றியறிதல் மட்டுமன்று. ஆராய்ச்சி நேர்மையும் ஆகும். ஏடு எழுதினோன் பிழைபட எழுதியிருத்தல் கூடும். தான் அறிந்த சொல்லை அறியாத சொல்லின் இடத்தில் வைத்திருத்தல் கூடும். செல் அரித்த இடத்தைத் தன் கருத்தால் நிரப்பியிருத்தலும் கூடும். ஆதலின் ஏட்டின் வரலாற்றை அறியாது பாடத்தின்மேல் முடிவு கூறுதல் தகாது என்பதை முதுகலை மாணவரும் நன்கு அறிவர்.

வாய்மொழிப் பாட்டிற்கு ஏடு இல்லை; அதற்கு ஏடாய் நிற்பது ஒலிப்பதிவே. எனினும் ஏட்டைப்பற்றி நாம் எழுப்பும் வினாக்களை ஒலிப்பதிவைப்பற்றி எழுப்புவதில்லை. பாடியவர் பெயர் குறிக்கப்படுகிறது. ஊரும் நாளும் சிற்சில இடங்களில் குறிக்கப்படுகின்றன. பதிந்தவர் யார், அவர் எத்தகைய பயிற்சி உடையவர், எதனை நாடிப் பதிந்தார், எக்கருவியை எங்கே வைத்துப் பதிந்தார் என்பன பெரும்பாலும் கூறப்படுவதில்லை. 'ஒலிநாடாவிலிருந்து எழுதப்பட்டது' என்னும் ஒரு தொடரே போதியது எனக் கொள்ளப்படுகிறது. இது போதாது என்பதும், ஒலிப்பதிவாளர் பாடத்தை ஆக்குவோருள் ஒருவர் என்பதும், ஆதலின் அவருடைய பின்புலமும் முறையும் திறனாய்வாளர் ஆராயத்தக்கன என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாம். கொங்குநாட்டு அண்ணன்மார் கதை இதற்குத் தக்க சான்றாக அமைகின்றது. அதனை நோக்குமுன் ஒலிப்பதிவு வரலாற்றினின்று இரு செய்திகளை எடுத்துக்கொள்வோம்.

கருவி வகுத்த எல்லை

இந்திய இசையைத் தட்டுகளில் பதிய முதன்முதல் பெரும் பயணம் மேற்கொண்டவர் பிரெட் கெய்ஸ்பெர்க் ஆவார். 1873-இல் வாஷிங்டனில் பிறந்த இவர், இளமையில் பியானோ வாசிப்பவராக ஒலிப்பதிவுக் கூடத்தில் நுழைந்தவர். பின்னர் இசைத்தட்டினைக் கண்ட எமில் பெர்லினரிடம் தொழில் கற்றவர். 1898-இல் இலண்டன் சென்று கிராமபோன் கம்பெனிக்குப் பதிவாளரானவர். 1902-ஆம் ஆண்டின் தொடக்கப் பகுதியில் மிலான் நகரில் கரூசோ என்னும் பாடகரைப் பதிந்த அவர், அவ்வாண்டின் இறுதியில் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிந்தார்.

இவருடைய பின்புலம் இவருடைய முறையை எவ்வாறு அமைத்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் பழகியவர் ஆதலின், குரலின் தகுதியை விரைந்து உணரும் செவி அவருக்கு வாய்த்திருந்தது. அவர் தேடியது தனிக்குரல். அதுவும் கூம்பின் வழியே சென்று மெழுகில் கூர்மையாகத் தடம் பதிக்கவல்ல குரல். மின்னாற்றல் கொண்டு பதியும் முறை 1925-இல்தான் வழக்கிற்கு வந்தது. அதற்கு முன்னர்ப் பாடுவோர் உலோகக் கூம்பின் வாய்க்கு அருகே முகத்தை வைத்துப் பாட வேண்டும். உச்சத்தில் ஏறும்போது சற்றே விலக வேண்டும். தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே அடங்கும். அதற்குள் பாட்டு தொடங்கி, வளர்ந்து, முடிதல் வேண்டும். தட்டுகள் செர்மனியில் அச்சாயின. ஆங்கே பாடியவரை அடையாளம் காண்பதற்கு உதவியாகப் பாட்டின் இறுதியில் பாடகர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரைத்து முடிப்பதும் வழக்கமாயிற்று. அப்பெயருரை பாட்டின் பகுதியன்று; பதிவின் பகுதியாகும். அதனை இன்று கேட்போர் பாட்டோடு சேர்த்தே சுவைக்கின்றனர். பதிவின் தேவை பாடத்துள் புகுந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தமிழ்நாட்டிலும் இந்நிலையே. விரிந்த இராக ஆலாபனையும் நிரவலும் தட்டில் இடம்பெறுதல் அரிதாயிற்று. நாடக மேடையில் ஒலிபெருக்கியின்றிப் பாடிப் பழகிய வலிய குரல்களைக் கருவி எளிதில் ஏற்றது. காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளின் குரல் தட்டுகளின் வழியே நாடெங்கும் பரவியமைக்கு அவருடைய ஆற்றலே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும், அவ்வாற்றல் கருவியின் இயல்போடு பொருந்தியிருந்தமையும் ஒரு காரணம் என்பதை மறத்தலாகாது. மெல்லிய குரலும் நீண்ட கதையும் உடையோர் அக்காலத் தட்டுகளில் மிகுதியாக இடம்பெறவில்லை. அவர்கள் இல்லை என்று கொள்வது பிழை. கருவி அவர்களை ஏற்கவில்லை என்று கொள்வதே முறை.

வாய்மொழிக் கொள்கையும் பதிவுக் கருவியும்

இரண்டாவது செய்தி தமிழாராய்ச்சியோடு இன்னும் நெருங்கியது. க. கைலாசபதி 1968-இல் வெளியிட்ட 'தமிழ் வீரநிலைப் பாடல்' பற்றிய ஆங்கில நூல், சங்கச் செய்யுட்களை வாய்மொழிப் பாடல் கொள்கையின் வழியே விளக்க முற்பட்டது. அம்முடிவை ஏற்பாரும் மறுப்பாரும் உளர். அவ்வழக்கு ஈண்டு வேண்டுவதன்று. அக்கொள்கை எதன்மேல் நிற்கிறது என்பதே ஈண்டு வேண்டுவது.

அது மில்மன் பாரியும் அவர் மாணவர் ஆல்பர்ட் லார்டும் யூகோசுலாவியாவில் கண்ட செய்திகளின்மேல் நிற்பது. பாரி இசைவல்லுநர் அல்லர். ஹோமரைக் கற்ற கிரேக்கப் புலவர். 1933 முதல் 1935 வரை அவர் அந்நாட்டில் களப்பணி செய்தார். பாடகர் இடையறாது பாடுங்கால் அதனை இடையறாது பதிதல் வேண்டும் என்பது அவருடைய நோக்கம். ஒரு தட்டு சில நிமிடங்களில் நிறைந்துவிடும் ஆதலின், இரு சுழல்மேடைகளைக் கொண்டு, ஒன்றில் தட்டு நிறைந்ததும் மற்றொன்றிற்கு ஒலியை மாற்றும் கருவி ஒன்றைச் செய்வித்துக்கொண்டார். அலுமினியத் தட்டுகளில் பாட்டு முழுவதும் பதிவாயிற்று. கெய்ஸ்பெர்க் பாட்டினைத் தட்டிற்கு ஏற்பச் சுருக்குவித்தார். பாரியோ தட்டினைப் பாட்டிற்கு ஏற்ப நீளச் செய்தார். இருவர்தம் கல்வியும் நோக்கமும் வேறாதலின் முறையும் வேறாயிற்று; முறை வேறாதலின் கிடைத்த பாடமும் வேறாயிற்று.

மற்றொன்றும் உண்டு. பாரி திரட்டியவற்றுள் பெரும்புகழ் பெற்றது அவ்தோ மெதெதோவிச் என்பவரின் நெடும்பாட்டு. 12,000-க்கு மேற்பட்ட அடிகளை உடையது. அது பாடிப் பதியப்பட்டதன்று. 1935-இல் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. சொல்லி எழுதுவிக்குங்கால் பாடகர் அவையின் நெருக்கடியினின்று நீங்கி, அமைதியாக எண்ணி, நீண்டதும் செறிந்ததுமான பாடத்தைத் தரக்கூடும் என்று லார்டு 1953-இல் எழுதினார். பாடிய பாடமும் சொல்லிய பாடமும் இருவேறு பாடங்கள் என்பது இதனாற் பெறப்படும். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு கொங்குநாட்டிற்கு வருவோம்.

ஓலப்பாளையத்துப் பதிவு

காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையம் 1960-களில் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 2009-இல் அமைந்த திருப்பூர் மாவட்டத்துள் காங்கயம் பகுதி இன்று அடங்கும். ஆக்ஸ்போர்டில் மானிடவியல் பயின்ற பிரெண்டா பெக் என்னும் கனடா நாட்டு அம்மையார் அங்குத் தங்கிக் கள ஆய்வு நிகழ்த்தினார். 1965-இல், இராமசாமி என்னும் உடுக்கைப்பாட்டுக் கலைஞர் பல இரவுகள் தொடர்ந்து பாடிய அண்ணன்மார் கதையை அவர் ஒலிநாடாவிற் பதிந்தார். அதே கலைஞர் அக்கதையைச் சொல்லி எழுதுவித்த பாடமும் உண்டு. 'மூன்று இரட்டையர்' என்னும் பொருள்பட்ட தலைப்பில் பெக் 1982-இல் வெளியிட்ட ஆங்கில நூல், இக்கதையின் பல வடிவங்களை ஒப்பிட்டு ஆராய்கிறது. தமிழ்ப் பாடமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக இரு தொகுதிகளைச் சென்னை ஆசியவியல் நிறுவனம் 1992-இல் வெளியிட்டது.

இப்பதிவின் தகுதி யாது? பெக்கின் பின்புலத்தை நோக்கின் இவ்வினாவிற்கு விடை கிடைக்கும். 1972-இல் வெளிவந்த கொங்குநாட்டு உழவர் சமுதாயம் பற்றிய அவருடைய நூல், வலங்கை இடங்கைப் பிரிவுகளையும் உறவுமுறைகளையும் நாட்டுப் பிரிவுகளையும் ஆராய்வது. அண்ணன்மார் கதையை அவர் நாடியதும் அந்நாட்டத்தின் வழியேயாம். குன்னுடையான், தாமரை, பொன்னர், சங்கர், தங்காள் எனத் தலைமுறை தலைமுறையாக நடக்கும் கதையில் ஒரு சமுதாயம் தன்னை எவ்வாறு கண்டது என்பதை அறிய விரும்புவார்க்குக் கதையின் ஒரு பகுதி போதாது. படுகளத்துச் சாவும் தங்காளின் துயரும் கேட்போர் நெஞ்சை உருக்கும் பகுதிகள். அவற்றை மட்டும் பதிந்திருப்பின் விற்பனைக்குரிய இனிய பதிவு ஒன்று கிடைத்திருக்கும். பெக் முழுமையை வேண்டினார். ஆதலின் முன்னோர் கதையும், வரங்களும், பங்காளிப் பகையும், இடையிடையே வரும் நெடிய உரையாடல்களும் பதிவில் நின்றன. சுவை குறைந்தன என ஓர் இசைப்பதிவாளர் விலக்கியிருக்கக்கூடிய பகுதிகளே சமுதாய வரலாற்றிற்குச் சான்றுகளாயின. இது மானிடவியலாளரின் பின்புலம் தமிழுக்குத் தந்த பேறு எனலாம்.

அப்பின்புலத்திற்கு ஓர் எல்லையும் உண்டு. அவருடைய நூல் கதையமைப்பையும் கதைமாந்தர் உறவுகளையும் சமுதாயக் கருத்துகளையும் முதன்மையாக நாடியது. உடுக்கையின் தாளம் எங்கே மாறுகிறது, உரையினின்று பாட்டிற்குக் கலைஞர் எங்கே ஏறுகிறார், துணைப்பாடகர் எங்கே அடியெடுத்துக் கொடுக்கிறார் என்பவற்றை நுணுகி ஆராய விரும்புவார் நூலோடு நின்றுவிடல் ஆகாது; நாடாவையே கேட்டல் வேண்டும். பெக் திரட்டிய பொருள்கள் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகத்தில் எண்மமாக்கிப் பேணப்படுகின்றன. அண்ணன்மார் கதையைப்பற்றி எழுதுவோர் அச்சுப் பாடத்தை மட்டும் மேற்கோளாகக் காட்டுவது, உரையைப் பயின்று மூலத்தைப் பயிலாமையை ஒக்கும். தாம் காட்டும் அடி பாடப்பட்டதா, சொல்லி எழுதுவிக்கப்பட்டதா என்பதைக் கூறாது விடுவது அதனினும் பெருங்குறையாம். சொல்லுங்கால் உடுக்கை ஓய்ந்திருக்கிறது. உடுக்கை ஓய்ந்த இடத்தில் அதனால் எழும் அடைமொழியும் அசைநிலையும் மடக்கும் குறைதல் இயல்பு. அக்குறைவை வைத்து நடையைப்பற்றி முடிவு கூறின் அம்முடிவு கலைஞரைப்பற்றியதாகாது. எழுதிய முறையைப்பற்றியதே ஆகும்.

கருவி நடுநிலையானதா?

'கருவி நடுநிலையானது, கேட்டதைக் கேட்டவாறே பதிவது, ஏடு எழுதுவோனைப்போல அது சொல்லை மாற்றாது' என்று கூறுவார் உளர். இக்கூற்று உண்மைபோலத் தோன்றினும் உண்மையன்று. உடுக்கைப்பாட்டையே எடுத்துக்கொள்வோம்.

உடுக்கை இருபுறமும் தோல் போர்த்தது. நடுவிலுள்ள கயிற்றை அழுத்தியும் தளர்த்தியும் சுருதியை ஏற்றி இறக்கி வாசிப்பது. அதன் அடி திடீரென எழுந்து விரைவில் அடங்குவது. பாடுவோரே உடுக்கையை வாசிப்பின், அது அவர் மார்பிற்கு அருகே நிற்கும். ஒலிவாங்கியைத் தாழ வைப்பின் உடுக்கை ஓங்கிக் குரல் தாழும். உயர வைப்பின் குரல் ஓங்கி உடுக்கை பின்னணியாகும். பின்னணியான உடுக்கையைக் கேட்டவர் 'தாளம் பாட்டிற்குத் துணைமட்டுமே' என எழுதுவார். ஓங்கிய உடுக்கையைக் கேட்டவர் 'பாட்டினைத் தாளமே நடத்துகிறது' என எழுதுவார். இரண்டும் ஒலிவாங்கி நின்ற இடத்தின் விளைவாய் இருத்தல் கூடும்.

மேலும், சிறிய நாடாப் பதிவுக் கருவிகள் பலவற்றில் ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்பு உண்டு. உடுக்கையின் அடி வலிதாக விழுந்ததும் அது ஒலியளவைத் தாழ்த்திவிடும். மீண்டும் உயர்த்தச் சிறிது பொழுது செல்லும். அவ்விடைவெளியில் பாடப்பட்ட சொல் மங்கி ஒலிக்கும். நாடாவைக் கேட்டு எழுதுபவர் அங்கே கலைஞர் சொல்லை விழுங்கினார் எனக் கருதித் தம் கருத்தால் ஒரு சொல்லைப் பெய்வார். செல் அரித்த ஏட்டை நிரப்பியோன் செய்ததும் இதுவேயன்றோ?

நாடாவின் வேகமும் இவ்வாறே. 1,200 அடி நீளமுள்ள நாடா, நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஒருபுறம் 32 நிமிடம் ஓடும். அதிற் பாதி வேகத்தில் 64 நிமிடம் ஓடும். நெடுங்கதை பதிவோர் நாடாச் செலவையும், நாடா மாற்றும் இடையூற்றையும் கருதி வேகத்தைக் குறைப்பர். வேகம் குறையுந்தோறும் உயர் அதிர்வுடைய ஒலிகள் மழுங்கும். வல்லொலிகளின் கூர்மை கெடும். மின்கலம் தளர்ந்து நாடா மெதுவாக ஓடியபோது பதியப்பட்டதைச் சரியான வேகத்தில் ஒலிக்கச் செய்தால் சுருதி உயர்ந்தும் நடை விரைந்தும் கேட்கும். இவற்றை அறியாது கலைஞரின் சுருதியையும் நடையையும் அளந்து கூறும் முடிவுகள் மணலிற் கட்டிய வீட்டை ஒப்பன.

பதிவே படைப்பாகும் நிலை

'ஒலிப்பதிவாளர் தொழில்வல்லுநர்; அவர் வரலாறு இலக்கியத் திறனாய்வுக்கு அயலானது' என்பது மற்றொரு மறுப்பு. இதற்கு விடை திரையிசையிற் கிடைக்கும். சென்னையில் ஒலிப்பொறியாளராக விளங்கி 2008-இல் மறைந்த எச். ஸ்ரீதர், மகாநதி, தில் சே, லகான், கன்னத்தில் முத்தமிட்டால் ஆகிய நான்கு படங்களுக்காக ஒலியமைப்பிற்குரிய தேசிய விருதைப் பெற்றவர். அவற்றுட் சிலவற்றைப் பிறரோடு பகிர்ந்து பெற்றார். அவர் பணிபுரிந்த காலத்துத் திரைப்பாட்டில் குரலும் கருவிகளும் வெவ்வேறு தடங்களில், வெவ்வேறு பொழுதுகளிற் பதிவாகும். பாடியவரும் முழவு வாசித்தவரும் ஒருவரையொருவர் காணாமலே இருத்தல் கூடும். அவற்றை இணைத்து, எது முன் நிற்க வேண்டும், எது தொலைவில் ஒலிக்க வேண்டும் என வகுக்கும்போதுதான் கேட்போர் அறியும் பாட்டு பிறக்கிறது. இங்குப் பதிவுக்கு முன்னர் 'மூலப் பாட்டு' என ஒன்று இல்லை, பதிவே மூலம். இத்தகைய பணியைப் படைப்புத்திறன் என நாடு விருதளித்துப் போற்றியிருக்க, அதனை வெறுந்தொழில் என ஒதுக்குதல் பொருந்தாது.

ஓலப்பாளையத்து நாடாவும் சென்னைத் திரைப்பாட்டும் இரு முனைகள். முன்னது நிகழ்ந்ததைக் காக்க முயல்வது. பின்னது நிகழாததை ஆக்குவது. அண்ணன்மார் கதையே இவ்விரு முனைகளையும் கண்டுவிட்டது. 2011-இல் வெளிவந்த 'பொன்னர் சங்கர்' திரைப்படம், மு. கருணாநிதியின் புதினத்தை அடியொற்றி இளையராசாவின் இசையோடு அமைந்தது. இவ்விரு முனைகட்கு இடையே நிற்பன, ஒலிநாடாப் பேழைகளிலும் குறுந்தட்டுகளிலும் விற்பனைக்கு வந்த உடுக்கைப்பாட்டுகள். ஒரு மணிநேரப் பேழையின் ஒரு பக்கம் 30 நிமிடம். கதை அதற்கேற்ப வெட்டப்படும். குரலுக்கு எதிரொலி கூட்டப்படும். மின்விசைப் பலகை சேர்க்கப்படும். இவற்றை இழிந்தன எனத் தள்ளுதலும் தவறு. ஓலப்பாளையத்து நாடாவோடு ஒப்பச் சான்றாகக் கொள்ளுதலும் தவறு. எவ்வகைப் பதிவு என்று தெளிந்தபின் அவ்வகைக்குரிய சான்றாகக் கொள்வதே முறை.

ஆய்வாளர் கடமை

இவ்வாராய்ச்சி இன்று இன்றியமையாதது ஆவதற்குக் காரணம் உண்டு. பின்னலாடைத் தொழிலும் விசைத்தறியும் பெருகிய திருப்பூர் வட்டாரத்தில் வாழ்க்கையின் பொழுதுப் பாகுபாடே மாறிவிட்டது. பகலும் இரவும் ஷிப்டு முறையில் பணி நடக்கும் ஊர்களில், பல இரவுகள் தொடர்ந்து அமர்ந்து முழுக்கதையையும் கேட்கும் ஓய்வு பலர்க்கும் வாய்ப்பதில்லை. பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் பணிக்கு வந்தோர்க்கு இக்கதை தம் ஊர்க்கதையும் அன்று. இந்நிலையில், கதையின் பகுதிகள் சில விழாக்களில் நின்றாலும், முழுமையை அறிதற்குப் பதிவே துணையாகும். நாளை ஆராய்வோர்க்கு இன்று நாம் பதிவனவே ஏடுகள். அவ்வேடுகளுக்கு முகவுரை எழுதாது விடுவோமாயின், அவர்கள் நம் கருவியின் குறையைக் கலைஞரின் குறையாகவும் நம் விருப்பத்தை மரபின் இயல்பாகவும் கொள்ள நேரும்.

திருப்பூரில் துணி வாங்க வருவோர் துணியைத் தொட்டுப் பார்ப்பதோடு அமையார். எத்தனையாம் நம்பர் நூல், எந்தக் கேஜ் எந்திரத்தில் ஓடியது, சாயமேற்றியபின் ஜி.எஸ்.எம். எவ்வளவு என்று வினவுவர். வினவாது வாங்கினால் ஒரு துவைப்பிற்குப்பின் உண்மை வெளிப்படும். துணிக்கு வேண்டும் இவ்விழிப்பு பாட்டிற்கும் வேண்டும்.

ஆதலின், வாய்மொழிப் பாட்டினை ஆராயும் ஒவ்வோர் ஆய்வேட்டிலும் ஒலிப்பதிவு முகவுரை ஒன்று இடம்பெறுதல் வேண்டும். பதிந்தவரின் கல்வியும் நாட்டமும், பதிவின் நோக்கம், கருவியும் அதன் அமைப்புகளும், ஒலிவாங்கி நின்ற இடம், கேட்டிருந்த அவை, கலைஞர் தாமே பாடினாரா, வேண்டப்பட்டுப் பாடினாரா, சொல்லி எழுதுவித்தாரா என்பது, நாடா மாறிய இடங்களும் விட்டுப்போன பகுதிகளும், எழுதியவர் ஐயுற்ற சொற்கள் ஆகியவை அதன்கண் கூறப்படல் வேண்டும். ஐயுற்ற சொல்லுக்கு நேரே நாடாவின் நிமிடமும் நொடியும் குறிக்கப்படின், பின்வருவோர் தாமே கேட்டுத் தெளிவர். மூலநாடாவின் படியொன்று பதிவு நடந்த வட்டாரத்துக் கல்லூரி நூலகம் ஒன்றிலேனும் வைக்கப்படுதல் வேண்டும். தம் முன்னோர் பாட்டினைக் கேட்கக் கொங்குநாட்டு மாணவர் கடல்கடந்த நூலகத்தை மட்டுமே நாடியிருத்தல் நமக்குப் பெருமை தருவதன்று.

கெய்ஸ்பெர்க் சிறந்த மூன்று நிமிடத்தைத் தேடினார். பாரி இடையறாத பாட்டைத் தேடினார். பெக் முழுக்கதையைத் தேடினார். திரையுலகப் பொறியாளர் முன்பு இல்லாத ஓர் ஓசையொருமையைத் தேடினார். நால்வரும் தாம் தேடியதையே பெற்றனர். அவர் எதனைத் தேடினார் என்று அறிந்தாலன்றி, அவர் நமக்குத் தந்தது எது, தாராது விட்டது எது என்று அறிதல் இயலாது. பாட்டினை ஆராயுமுன் பதிவினை ஆராய்க என்பதே இத்துறையில் நாம் மேற்கொள்ளத்தக்க முதல் விதி.